தொகுதிக் கோடுகள் – நம் தாம்பரத்தை முன்வைத்து ஒரு பாடம்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

தேர்தல் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன சுவரொட்டியும், ஒலிபெருக்கியும், விரலில் வைக்கும் மையுமே ஆகும். யார் நிற்கிறார், யார் வென்றார் என்று வீட்டிலும் பேருந்திலும் பேசுகிறோம். ஆனால் அந்த வேட்பாளர் எந்தத் தெரு முதல் எந்தத் தெரு வரை உள்ளவர்களின் வாக்கைக் கேட்டு நிற்கிறார், அந்த எல்லையை வகுத்தவர் யார், அது ஏன் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாறுகிறது என்று நாம் கேட்பதில்லை. அன்புத் தோழியரே, நம் சேலையூரையும் தாம்பரத்தையுமே எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைக் காண்போம்.

சேலையூரில் உள்ள எந்த வீட்டை எடுத்துக்கொண்டாலும், அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத மூன்று கோடுகள் வளைந்து கிடக்கின்றன. முதலாவது, மாநகராட்சி வார்டின் கோடு. இரண்டாவது, சட்டமன்றத் தொகுதியின் கோடு. தமிழகத்தின் 234 தொகுதிகளுள் தாம்பரம் 31ஆம் எண் கொண்டது. மூன்றாவது, மக்களவைத் தொகுதியின் கோடு. இங்கேதான் பலருக்கு வியப்பு. 2004ஆம் ஆண்டுத் தேர்தல் வரையில் நம் பெற்றோர் தென்சென்னைத் தொகுதியில் வாக்களித்தனர். 2009இல் அதே வீட்டிலிருந்து புறப்பட்டுத் திருப்பெரும்புதூர்த் தொகுதிக்கு வாக்களித்தனர். வீடு நகரவில்லை, கோடு நகர்ந்தது. மாவட்டத்தின் கதையும் இத்தகையதே. முன்பு செங்கற்பட்டு மாவட்டம். 1997 ஜூலை 1ஆம் நாள் முதல் காஞ்சிபுரம் மாவட்டம். 2019 நவம்பர் 29ஆம் நாள் முதல் மீண்டும் செங்கல்பட்டு மாவட்டம்! மாவட்டக் கோடு வேறு, தொகுதிக் கோடு வேறு என்பதை மட்டும் நினைவிற்கொள்க. முன்னது வரி, நிலம், சான்றிதழ் முதலிய ஆட்சி வேலைகளுக்கானது. பின்னது நம் சார்பில் பேசுவோரைத் தேர்ந்தெடுப்பதற்கானது.

இக்கோடுகளை ஏன் ஓரிடத்தில் நிலையாக வைத்துவிடக் கூடாது? மக்கள் நிலையாக இருப்பதில்லை என்பதே விடை. வயல்கள் இருந்த இடத்தில் வீடுகள் எழுகின்றன. ஓரூரில் மக்கள் பெருக, வேறோர் ஊரில் குறைகின்றனர். கோடு மட்டும் பழையபடி இருந்தால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்தின் வரலாறு நல்ல பாடம். சாலிஸ்பரி நகருக்கு அருகில் ஓல்டு சாரம் என்றொரு பழைய ஊர் இருந்தது. மக்கள் அதனைவிட்டு நீங்கிப் பல நூற்றாண்டுகள் ஆகி, இடிந்த சுவர்களும் புல்மேடும்தான் எஞ்சின. ஆயினும் அந்த மேட்டுக்குப் பாராளுமன்றத்தில் இரண்டு இடங்கள்! வாக்காளர் ஒரு டஜனுக்கும் குறைவு. அதே காலத்தில் ஆலைகளால் நிரம்பி, லட்சக்கணக்கானோர் உழைத்த மான்செஸ்டர் நகருக்குத் தனக்கென ஓர் உறுப்பினர்கூட இல்லை. 1832ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம் வந்த பிறகே ஓல்டு சாரம் தன் இடங்களை இழந்தது.

இத்தகைய புல்மேடு நம்மிடம் இல்லை எனினும், அதன் சாயல் இல்லாமல் இல்லை. 2021ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலின்போது, நமக்கு அடுத்துள்ள சோழிங்கநல்லூர்த் தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கை ஏழு லட்சத்தை நெருங்கியிருந்தது. சென்னைத் துறைமுகம் தொகுதியிலோ ஏறத்தாழ ஒன்றே முக்கால் லட்சம். இரண்டிற்கும் ஒவ்வோர் உறுப்பினரே. கணக்குப் பார்த்தால், துறைமுகத்தில் ஒருவரின் வாக்கு சோழிங்கநல்லூரில் ஏறத்தாழ நான்கு பேரின் வாக்குக்கு நிகராகிறது. இது யாரும் வேண்டுமென்று செய்த சூழ்ச்சி அன்று. 2001ஆம் ஆண்டின் மக்கள்தொகையைக் கொண்டு கோடு வரைந்தனர். அதன் பிறகு பழைய மகாபலிபுரம் சாலையின் இருபுறமும் கணினி நிறுவனங்களும் அடுக்குமாடிகளும் எழுந்துவிட்டன.

வேண்டுமென்றே செய்யும் சூழ்ச்சியும் உண்டு. அதற்கு உலகம் வைத்துள்ள பெயர் 'ஜெரிமாண்டர்'. 1812இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில ஆளுநராக இருந்த எல்பிரிட்ஜ் கெரி என்பவர், தம் கட்சிக்கு ஏற்றபடி வளைத்து நெளித்து வரைந்த தொகுதிகளுக்கு ஒப்புதல் அளித்தார். அவற்றுள் ஒன்று சாலமாண்டர் என்னும் பல்லி போன்ற பிராணியின் வடிவில் இருந்தது. பத்திரிகை ஒன்று அதற்குச் சிறகும் நகமும் வரைந்து கேலிச்சித்திரமாக வெளியிட்டது. கெரியின் பெயரும் சாலமாண்டரின் வாலும் சேர்ந்து புதுச்சொல் பிறந்தது.

கோட்டை வளைத்தால் முடிவு எப்படி மாறும் என்பது எனக்கு முதலில் விளங்கவேயில்லை. பிறகு நம் வகுப்பையே வைத்துக் கணக்குப் போட்டேன். ஐம்பது மாணவியர் உள்ள வகுப்பில், மாலை விளையாட்டு வேளைக்கு 30 பேர் வளையப்பந்தையும் 20 பேர் எறிபந்தையும் விரும்புகின்றனர் என்க. வகுப்பைப் பத்துப் பத்துப் பேராக ஐந்து குழுவாக்கி, குழுவுக்கு ஒரு தலைவி வீதம் தேர்ந்தெடுத்து, ஐந்து தலைவியரும் கூடி முடிவு செய்யவேண்டும். ஒவ்வொரு குழுவிலும் வளையப்பந்துக்காரர் ஆறு, எறிபந்துக்காரர் நால்வர் என அமர்த்தினால் ஐந்து தலைவியரும் வளையப்பந்துக் கட்சியே. எறிபந்துக்கு ஒரு குரல்கூட இல்லை. இனி வேறு விதமாக அமர்த்துவோம். முதல் இரண்டு குழுவிலும் பத்துப் பேரும் வளையப்பந்துக்காரர். மூன்றாவதில் நால்வர், நான்காவதிலும் ஐந்தாவதிலும் மும்மூவர். கூட்டினால் அதே முப்பதுதான். ஆனால் கடைசி மூன்று குழுக்களிலும் எறிபந்துக்காரர் முறையே ஆறு, ஏழு, ஏழு பேராகி வென்றுவிடுகின்றனர். மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் சிறுபான்மை விருப்பம் வகுப்பை ஆள்கிறது. ஒருத்தியும் தன் மனத்தை மாற்றிக்கொள்ளவில்லை, ஒருத்தியின் வாக்கும் திருடப்படவில்லை. பெஞ்சை மாற்றிப் போட்டதுதான் எல்லாம். தோழியர் இதனைத் தாளில் வரைந்து பார்க்கலாம்.

ஆகவே கோடு போடும் வேலையைத் தேர்தலில் நிற்பவர்கள் கையிலேயே விட்டுவிடக் கூடாது என்று நம் நாட்டில் கருதினர். மக்களவை, சட்டமன்றத் தொகுதிகளுக்காகத் தனிச் சட்டம் இயற்றித் தொகுதி மறுவரையறை ஆணையம் அமைப்பது வழக்கம். 1952, 1963, 1973, 2002 என இதுவரை நான்கு முறை அமைத்துள்ளனர். நான்காம் ஆணையத்தின் தலைவர் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற குல்தீப் சிங் அவர்கள். தலைமைத் தேர்தல் ஆணையரோ அவர் சார்பிலான ஒரு தேர்தல் ஆணையரோ, அந்தந்த மாநிலத் தேர்தல் ஆணையர் ஆகியோர் உறுப்பினர். மாநிலத்தின் மக்களவை உறுப்பினர் ஐவரும் சட்டமன்ற உறுப்பினர் ஐவரும் துணை உறுப்பினராக உடன் அமரலாம். கருத்துச் சொல்லலாம், ஆனால் அவர்களுக்கு வாக்கு இல்லை. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆணையம் முதலில் வரைவை வெளியிடும். மக்கள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஊர் ஊராகக் கூட்டம் நடத்திக் கேட்பர். அதன்பின் வெளியாகும் இறுதி ஆணை சட்டத்திற்கு நிகரானது. அதனை எதிர்த்து நீதிமன்றத்தில் வழக்காட அரசியலமைப்பின் 329ஆம் பிரிவு இடம் தரவில்லை என்று 1966இல் மேக்ராஜ் கோத்தாரி என்பாரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. பேச வேண்டியதையெல்லாம் வரைவு வெளியாகும் அந்தச் சில வாரங்களுக்குள் பேசிவிட வேண்டும் என்பது இதன் பொருள்.

அந்த நான்காம் ஆணையத்தின் வரையறை 2008இல் நடைமுறைக்கு வந்தபோதுதான் நம் பக்கத்தில் பல்லாவரமும் சோழிங்கநல்லூரும் புதிய சட்டமன்றத் தொகுதிகளாயின. தெற்கே அச்சரப்பாக்கம் என்ற பழைய தொகுதி மறைந்து செய்யூர் தோன்றியது. செங்கற்பட்டு என்ற பெயரில் இருந்த மக்களவைத் தொகுதி போய்க் காஞ்சிபுரம் வந்தது. அதுவரை தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டிருந்த திருப்பெரும்புதூர் பொதுத் தொகுதியாகி, காஞ்சிபுரம் ஒதுக்கீட்டுத் தொகுதியாயிற்று. மதுரவாயல், அம்பத்தூர், ஆலந்தூர், திருப்பெரும்புதூர், பல்லாவரம், தாம்பரம் என்னும் ஆறும் சேர்ந்ததே திருப்பெரும்புதூர் மக்களவைத் தொகுதி. அம்பத்தூரில் ஆலைக்குப் போகும் தொழிலாளியும், சேலையூரில் ஏரிக்கரையில் குடியிருப்பவரும் ஒரே உறுப்பினரைத் தேடிச் செல்லவேண்டும்!

இனி நமக்கு மிக அருகில் உள்ள கோட்டுக்கு வருவோம். சட்டமன்றத் தொகுதியின் கோட்டைவிட வார்டுக் கோடுதான் நம் அன்றாட வாழ்வைத் தொடுகிறது என்பது என் எண்ணம். குடிநீர், குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், கொசுமருந்து எல்லாம் வார்டு உறுப்பினர் வாசலுக்குத்தான் போகின்றன.

பல்லாண்டுகளாகச் சேலையூர் தாம்பரம் நகராட்சியில் இருந்தது. அந்த நகராட்சிக்கு 39 வார்டுகள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை 1,74,787. வகுத்துப் பார்த்தால் வார்டுக்கு ஏறத்தாழ 4,480 பேர். 2021 நவம்பர் 3ஆம் நாள் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாயின. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படியே இவற்றின் மக்கள்தொகை ஏழு லட்சத்தைத் தாண்டும். வார்டுகளோ 70. ஆக, வார்டுக்குப் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர்.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். பழைய தாம்பரத்திற்கு மட்டும் 39 உறுப்பினர், பழைய பல்லாவரத்திற்கு மட்டும் 42 உறுப்பினர். இந்த இரண்டு ஊர்களைக் கூட்டினாலே 81. இப்பொழுது பத்து ஊர்களுக்கும் சேர்த்து 70! மாநகராட்சி என்ற பெருமை வந்தது, பெரிய திட்டங்களுக்குப் பணமும் பொறியாளரும் வருவர் என்பதும் உண்மைதான். ஆனால் முன்பு நாலாயிரத்துச் சொச்சம் பேருக்கு ஒருவராக இருந்த உறுப்பினர், இன்று பதினாயிரம் பேருக்கு ஒருவர். சென்னையிலும் 2011இல் இப்படியே நடந்தது. 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து நகரம் 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, வார்டுகள் 155இலிருந்து 200 ஆயின. கேட்பதற்கு உயர்வாகத் தோன்றும். ஆயினும் பழைய நகரப் பகுதியின் 155 வார்டுகள் 107ஆகச் சுருங்கின. எஞ்சிய 93ம் புதிய பகுதிகளுக்கு. ஊர் பெரிதாகும்போது உறுப்பினர் தொலைவாகிறார் என்பதை எந்த மேடையிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வார்டு எல்லையை வகுப்பதற்கும் முறை உண்டு. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலத் தேர்தல் ஆணையரைத் தலைவராகக் கொண்டு மறுவரையறை ஆணையம் அமைக்கப்பட்டது. அடிப்படை எண், கடைசியாக நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. கணக்கெடுப்பின்போது ஊரைச் சிறு சிறு வட்டங்களாகப் பிரித்து, வட்டத்துக்கு ஒருவர் வீடு வீடாகச் சென்று எழுதுகிறார் அல்லவா? அந்த வட்டங்களே செங்கல் போன்றவை. அவற்றை அடுக்கி, கூடியவரை சமமான மக்கள்தொகையுள்ள வார்டுகளாக்குகின்றனர். சாலை, ஓடை, ரயில்பாதை முதலியவை இயற்கையான எல்லையாகக் கொள்ளப்படும். நம் ஊரில் ரயில்பாதை கிழக்குத் தாம்பரத்தையும் மேற்குத் தாம்பரத்தையும் வெள்ளைக்காரர் காலத்திலேயே பிரித்துவிட்டதால் அந்த எல்லைக்கு யாரும் சண்டையிட மாட்டார். சண்டை வருவதெல்லாம் தெருக்களில்தான்.

சாலையின் நடுவே கோடு சென்றால் தெருவின் வலப்பக்கம் ஒரு வார்டு, இடப்பக்கம் வேறு வார்டு. இது எனக்குத் தெரிந்த ஒரு தெருவின் நிலை. சென்ற மழைக்காலத்தில் அத்தெருவின் முனையில் விளக்கு எரியாமற் போயிற்று. இந்தப் பக்கத்தார் சொன்னால் "அது அந்தப் பக்கத்துக் கம்பம்" என்றும், அந்தப் பக்கத்தார் சொன்னால் "அது இந்த வார்டில் வராது" என்றும் விடை வந்தது. டியூஷன் முடிந்து திரும்பும் நாங்கள் மூவரும் பதினொரு நாள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அந்த முனையைக் கடந்தோம். வரைபடத்தில் மெல்லிய கோடாகத் தெரிவது தெருவில் இருட்டாகவும் இருக்கலாம்.

வாக்குச்சாவடியும் அப்படியே. 2022இல் பூத் சிலிப் வந்தபோது, ஆண்டாண்டாக ஒரே பள்ளியில் வாக்களித்து வந்த என் பாட்டியாருக்கு வேறு பள்ளியின் பெயர் இருந்தது. "நான் எங்கடி வீடு மாத்தினேன்?" என்று பாட்டி கேட்டதற்கு அன்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. இக்கட்டுரைக்காகப் படித்த பின்னர்தான் நான் பாட்டியிடம் விளக்கிச் சொன்னேன். "அதுக்கு ஒரு வார்த்தை முன்னாடியே வந்து சொல்லியிருக்கலாமே" என்பது பாட்டியின் தீர்ப்பு.

கோடு வரையும் வேலை தாமதமானால் என்ன ஆகும் என்பதையும் நம் ஊரே கண்டது. உள்ளாட்சி மன்றங்களின் ஆயுள் ஐந்தாண்டு, அது முடியுமுன் தேர்தல் நடத்தவேண்டும் என்று 1993 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம் சொல்கிறது. 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அவ்வாண்டு அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலின் அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது. பழங்குடியினர்க்கான ஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்பது அவ்வழக்கில் எழுந்த குறை. பிறகு புதிய கணக்கின்படி வார்டுகளை வரையறுக்கும் வேலை தொடங்கியது. 2017 டிசம்பரில் வரைவு வெளியாயிற்று. அதற்குள் மாவட்டங்கள் பிரிந்தன. 2019 டிசம்பர் 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம், பிரிக்கப்பட்ட மாவட்டங்களும் புதியனவுமாக ஒன்பது மாவட்டங்களை நீக்கி, மற்றவற்றில் ஊரகத் தேர்தலை நடத்தலாம் என்றது. அந்த ஒன்பதில் செங்கல்பட்டும் காஞ்சிபுரமும் அடங்கும். இம்மாவட்டங்களின் ஊராட்சிகளில் 2021 அக்டோபரில்தான் வாக்குப்பதிவு. நகரங்களிலோ 2022 பிப்ரவரி 19. அதாவது ஐந்தாண்டுகளுக்கும் மேலாக நம் வார்டுகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவரும் இல்லை. தனி அலுவலர்களே நிருவாகம் செய்தனர். நான் மழலைப் பள்ளியில் சேர்ந்த நாள் தொட்டு நான்கைந்து வகுப்புகள் ஏறும் வரை வார்டு உறுப்பினர் என்ற ஒருவரை எங்கள் தெரு கண்டதேயில்லை என்பதை இப்பொழுது எண்ணினால் விசித்திரமாயிருக்கிறது.

மறுபுறம், தாம்பரம் மாநகராட்சி பிறந்த 2021 நவம்பர் 3க்கும் வாக்குப்பதிவு நாளுக்கும் இடையே இருந்தவை 108 நாட்களே. வார்டு எல்லை வகுப்பதும், மக்கள் கருத்தைக் கேட்பதும், எது பெண்களுக்கு, எது தாழ்த்தப்பட்டோருக்கு என ஒதுக்குவதும், வாக்காளர் பட்டியலை வார்டு வாரியாகப் பிரிப்பதும், வேட்புமனு வாங்குவதும் அதற்குள் முடியவேண்டியிருந்தது. ஐந்தாண்டு ஆமை வேகம், நூற்றெட்டு நாள் முயல் வேகம்! இரண்டிலும் பொதுமக்கள் வரைவைப் படித்துப் பார்க்க நேரம் கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

ஒதுக்கீட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் இயற்றப்பட்டது. எந்த வார்டு என்பது சுழற்சி முறையில் மாறும். தாம்பரம் மேயர் பதவி தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு, 2022 மார்ச் 4ஆம் நாள் வசந்தகுமாரி அவர்கள் முதல் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது 25. இன்றைய எங்கள் வயதைவிடப் பத்தே வயது கூடுதல்! அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் உள்ளாட்சி தினத்தன்று வார்டுக்குள் பகுதி சபைக் கூட்டங்கள் முதன்முறையாக நடந்தன. முதலமைச்சராக இருந்த மு. க. ஸ்டாலின் அவர்கள் நம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் கலந்துகொண்டார். பதினாயிரம் பேருக்கு ஒருவர் என்று ஆகிவிட்ட தொலைவைச் சற்றுக் குறைக்க இந்தச் சபைகள் உதவக்கூடும், ஒழுங்காகக் கூட்டினால்.

ஊரை வார்டாகப் பிரிப்பதை வெள்ளையர்தாம் கற்றுத்தந்தனர் என்று நினைத்தால் அது தவறு. தாம்பரத்திலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. ஆண்டு கி.பி. 919, 921. அவ்வூரை அன்று முப்பது 'குடும்பு'களாகப் பிரித்திருந்தனர். இன்றைய வார்டு என்பதற்கு எவ்வளவு அழகான சொல்! குடும்புக்கு ஒருவராகத் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாத சிறுவனை எடுக்கச் செய்தனர். இப்படி வந்த முப்பதின்மரில் பன்னிருவர் ஆண்டு வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் நிற்கவே முடியாது. எனினும் வயது 35க்கு மேல் 70க்குள், வரி செலுத்தும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி என்றெல்லாம் விதி வைத்திருந்தனர். நிலமில்லாதவர் பெயரோ ஒரு பெண்ணின் பெயரோ அந்தக் குடத்தில் விழுந்திருக்க வழியில்லை. பெருமை பேசும்போது இதனையும் சேர்த்துப் பேசவேண்டும் என்று எங்கள் வரலாற்று ஆசிரியை கூறுவார்.

ஏரிக்கென்றே தனி வாரியம் வைத்தது என்னை எண்ண வைத்தது. நம் பக்கத்தில் ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம் என ஏரி ஏரியாக நிரம்பிய நீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை நோக்கிச் செல்கிறது. வார்டு எல்லைகளையும் மாநகராட்சி எல்லையையும் கடந்தே அது செல்லவேண்டும். சேலையூரிலிருந்து அகரம்தென் சாலையில் மாடம்பாக்கத்தைத் தாண்டினால், 2021இல் மாநகராட்சி அமைந்தபோது அதில் சேராமல் ஊராட்சியாகவே நின்ற அகரம்தென் வந்துவிடும். மேற்கே முடிச்சூரும் அவ்வாறே வெளியே நின்றது. மக்கள்தொகையைச் சமமாக்குவதற்கு இருக்கும் விதி, ஒரே வாய்க்காலின் கரையில் இருப்பவர்களை ஒரே வார்டில் வைப்பதற்கு இல்லை. இருந்தால் நன்றாயிருக்கும் எனத் தோன்றுகிறது.

இறுதியாக, செய்தித்தாள்களில் அடிக்கடி அடிபடும் பெரிய மறுவரையறை. மாநிலங்களுக்குள் கோட்டை மாற்றுவது ஒன்று, மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பதை மாற்றுவது வேறொன்று. பின்னதுதான் பெரிய கேள்வி. தமிழகத்திற்கு 1957, 1962 தேர்தல்களில் 41 மக்களவை இடங்கள் இருந்தன. 1967 முதல் 39. 1976இல் 42ஆம் திருத்தத்தின்மூலம், 1971ஆம் ஆண்டுக் கணக்கின்படி அமைந்த இடப்பங்கீட்டை அப்படியே நிறுத்திவைத்தனர். குடும்பநலத் திட்டத்தை நன்கு நிறைவேற்றிய மாநிலங்கள் அதனாலேயே இடங்களை இழக்கலாகாது என்பது காரணம். 2001ஆம் ஆண்டின் 84ஆம் திருத்தம் அந்த நிறுத்தத்தை, 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. 1971இல் தமிழகத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 4 கோடியே 12 லட்சம், உறுப்பினர் ஒருவருக்குப் பத்தரை லட்சம் பேர். 2011இல் 7 கோடியே 21 லட்சம், ஒருவருக்குப் பதினெட்டரை லட்சம் பேர். வட மாநிலங்களில் இந்த எண் இன்னும் கூடுதல். "ஒருவருக்கு ஒரு வாக்கு, ஒவ்வொரு வாக்குக்கும் ஒரே மதிப்பு" என்று அவர்கள் கேட்பது நியாயம்தானே என்று ஒரு மனம் சொல்கிறது. சோழிங்கநல்லூரைப் பற்றி நானே மேலே அதைத்தானே எழுதினேன்! ஆனால் அரசு சொன்னபடி சிறு குடும்பமாய் வாழ்ந்ததற்கு அபராதமா என்று மறுமனம் கேட்கிறது. 2025 மார்ச் 22ஆம் நாள் சென்னையில் பல மாநிலத் தலைவர்கள் கூடி இதனைப் பற்றிப் பேசினர். எனக்குத் தோன்றும் வரை, சட்டமன்றத் தொகுதிகளுக்குள் சமன் செய்வதும், மாநிலங்களுக்கிடையே சமன் செய்வதும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கவை அல்ல. முன்னதில் இழப்பவரும் பெறுபவரும் ஒரே அரசின் கீழ் இருப்பவர். பின்னதில் ஒரு மொழியினரின் குரலே டெல்லியில் மெலியக்கூடும். நம் வகுப்பில் இதுபற்றிப் பட்டிமன்றம் வைத்தபோது இரு கட்சியும் சம வாக்குப் பெற்றன.

அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஆம் நாளைக் கணக்கு நாளாகக் கொண்டு நடத்தப்படும் என 2025 ஜூனில் மத்திய அரசு அறிவித்தது. 2021இல் நடந்திருக்கவேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனதால், நம் 70 வார்டுகளும் 2011ஆம் ஆண்டின் எண்ணை நம்பியே வரையப்பட்டவை. அதாவது என் தோழியரில் பலர் பிறந்தே இராத, பிறந்தோர் கைக்குழந்தையாயிருந்த காலத்துச் சேலையூரை வைத்து வரைந்த கோடுகள். கேம்ப் ரோடு முனையிலிருந்து மாடம்பாக்கம் வரையில் அதன்பிறகு எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புகள் எதுவும் அந்த எண்ணில் இல்லை. கணக்கெடுப்பாளர் வரும் நாளில் வீட்டில் உள்ளோர் அனைவரும், ஊருக்குப் போயிருக்கும் அத்தையும் மாடியில் குடியிருப்போரும் உட்பட, விடுபடாமல் எழுதப்படுகின்றனரா என்று பார்க்க நான் இப்பொழுதே பாட்டியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.